மூலை சரி, தூரம் எவ்வளவு? – கழிவறை வாஸ்து பற்றிச் சில கணக்குகள்

வாஸ்து, மனையடி சாஸ்திரம், ஃபெங் சுயி என்று தமிழில் வந்த சின்னப் புத்தகங்கள் என்னிடம் இருபதுக்குமேல் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் வாங்கியவை. சாத்தான்குளத்தில் சொந்தக்காரர்கள் யார் வீடு கட்டினாலும் பிளான் என் போனுக்கும் வந்துவிடும். "நீ எஞ்சினியர்லா, ஒரு பார்வை பாரு" என்பார்கள். நான் படித்தது பி.இ. தான், ஆனால் கம்ப்யூட்டர். அதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "பாத்ரூம் இருக்கிற எடம் சரியா?"

"எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். அப்படிச் சொன்னால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் கேட்கப் போய்விடுவார். அதனால் அலுவலகத்தில் ஒரு ஸ்பெக்கைப் படிப்பதுபோல இந்தப் புத்தகங்களைப் படித்தேன். விதி என்ன, எங்கிருந்து வந்தது, இரண்டு விதிகள் மோதினால் என்ன ஆகும், எல்லோரும் பின்பற்றினால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விதான். எடுத்துக்கொண்டதும் ஒரே ஒரு அத்தியாயம், கழிவறை.

அந்த அத்தியாயத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பூஜை அறை எந்த மூலையில் இருந்தாலும் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது. பீரோவைக் கிழக்கே பார்த்து வைத்தாலும் மேற்கே பார்த்து வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. கழிவறை அப்படி இல்லை. அதிலிருந்து போகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது.

புத்தகங்கள் சொல்வது

சுருக்கமாகச் சொன்னால் தமிழ் வாஸ்துப் புத்தகங்களின் விதி இதுதான். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், கழிவறை கூடவே கூடாது. அங்கே கிணறோ போரோ வரலாம், வரவேண்டும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், கழிவறையும் கூடாது, எந்தக் குழியும் கூடாது. அந்த இடம் உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். அக்கினி மூலை அடுப்புக்கு. மிச்சம் இருப்பது வாயு மூலை, வடமேற்கு. கழிவறை, செப்டிக் டேங்க் எல்லாம் அங்கே அல்லது அதை ஒட்டி.

மீறினால் என்ன ஆகும் என்பதும் உண்டு. கன்னி மூலை கெட்டால் குடும்பத் தலைவருக்கு ஆகாது, ஈசானியம் கெட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது, அக்கினி கெட்டால் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது. இந்த வாக்கியங்களின் அமைப்பைக் கவனிங்க. "உண்டாகும்", "நேரிடும்", "பாதிக்கும்" என்றுதான் முடியும். எத்தனை வருஷத்தில், எவ்வளவு என்று இருக்காது. ஒரு வீட்டில் இருபது வருஷம் நாலு பேர் வாழ்ந்தால் யாருக்காவது ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். வந்ததும் புத்தகம் சரியாகிவிடும். தோற்கவே வழியில்லாத சோதனையில் பாஸ் ஆவது பெரிய விஷயம் இல்லை.

மனையடி சாஸ்திரம் வேறு வகை. அதன் அக்கறை திசையைவிட அடிக்கணக்கில்தான். இத்தனை அடி நல்லது, இத்தனை அடி ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியல். அது பொதுவாக 6 அடியில் தொடங்கும். நம் வீட்டு பாத்ரூம்களின் அகலம் பெரும்பாலும் 4 அல்லது 5 அடி. அதாவது நம் பாத்ரூம் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை! வீட்டுக்குள் கழிவறை என்ற ஒன்று இல்லாத காலத்துப் பட்டியல் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

'கன்னி மூலை' என்ற பெயரையும் பார்க்கலாம். நம் ஊர் ராசிக் கட்டத்தைக் கிழக்கு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்க. இடது மேல் மூலை மீனம், அது வடகிழக்கு. வலது மேல் மூலை மிதுனம், தென்கிழக்கு. வலது கீழ் மூலை கன்னி, தென்மேற்கு. இடது கீழ் மூலை தனுசு, வடமேற்கு. கன்னி ராசிக் கட்டம் விழும் மூலை, கன்னி மூலை. பெயர் வந்தது ஜாதகக் கட்டத்திலிருந்து. மண்ணைப் பார்த்தோ, நீரோட்டத்தைப் பார்த்தோ, காற்றைப் பார்த்தோ வைத்த பெயர் இல்லை.

ஒரே மூலை, மூன்று தீர்ப்பு

வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாஸ்து பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. நான்கு மூலைகளுக்கும் அதில் பயன் சொல்லப்படுகிறது. வடகிழக்கு தெய்வத்துக்கு, தென்கிழக்கு சமையலுக்கு, தென்மேற்கு பாத்திர பண்டங்களுக்கு, வடமேற்கு பணத்துக்கும் தானியத்துக்கும். கழிவறைக்கு மூலை இல்லை. இன்று நாம் செப்டிக் டேங்கைக் கொண்டுபோய் வைக்கும் வாயு மூலை அங்கே தானியக் கிடங்கு.

பிற்கால விசுவகர்மப் பிரகாசத்தில் பதினாறு அறைகளுக்கான பட்டியல் உண்டு. அதில் மலம் கழிக்கும் இடமும் வருகிறது. எங்கே தெரியுமா? தெற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவில். நம் புத்தகங்கள் நெருங்கவே கூடாது என்று சொல்லும் கன்னி மூலைக்கு ஒட்டின பக்கத்தில்.

அடுத்து சீனா. பெய்ஜிங்கின் பழைய முற்றத்து வீடுகள், நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்தவை, ஃபெங் சுயிப்படி கட்டப்பட்டவை. வழக்கமான அமைப்பில் தலைவாசல் தென்கிழக்கு மூலையில் வரும். கழிவறை தென்மேற்கு மூலையில். அது கெட்ட மூலை என்பதால்தான் அங்கே வைத்தார்கள். கெட்டதைக் கெட்டது அமுக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் அதே மூலை முக்கியமான மூலை, அதனால் அங்கே வைக்கக் கூடாது. ஒரே மூலை, நேர் எதிரான இரண்டு தீர்ப்பு. இரண்டையும் கலந்து ஒரே அட்டைக்குள் போட்டு "வாஸ்து – ஃபெங் சுயி" என்று விற்கிற புத்தகமும் என்னிடம் இருக்கிறது.

ஃபெங் சுயிக்குள்ளேயே ஒரு கணக்கு

ஃபெங் சுயி என்றால் காற்று–நீர் என்று பொருள். அதன் மூலநூலாகச் சொல்லப்படுவது குவோ பு என்ற 4-ஆம் நூற்றாண்டு அறிஞர் பெயரில் வழங்கும் அடக்க நூல். அது கல்லறைக்கு இடம் பார்ப்பது பற்றியது. 'ச்சி' என்கிற உயிர்ப்பு காற்றில் சிதறும், நீர் இருந்தால் தங்கும் என்பது அதன் அடிப்படை. ஃப்ளஷ் அடித்தால் தண்ணீரோடு பணமும் போகும் என்பது, ஃப்ளஷ் வந்த பிறகு ஒட்டவைத்தது.

பணம் போகும் மூலை எது என்பதிலும் ஒற்றுமை இல்லை. லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய முறையில் வாசலில் நின்று உள்ளே பார்த்தால் தூரத்து இடது மூலை செல்வ மூலை, திசைகாட்டி வேண்டாம். மலேசியாவின் லில்லியன் டூ எழுதிப் பரவலான முறையில் திசைகாட்டி வேண்டும், செல்வ மூலை தென்கிழக்கு. வடக்கு வாசல் வீட்டில் இரண்டும் ஒத்துப்போகும். கிழக்கு வாசல் வீட்டில் முதல் முறையின் செல்வ மூலை தென்மேற்காகிவிடும். ஒரே பாத்ரூம் ஒரு புத்தகத்தில் பணத்தை விழுங்குகிறது, இன்னொன்றில் சும்மா இருக்கிறது.

இன்னும் சுவாரசியமானது எட்டு மாளிகை முறை. இதில் ஒவ்வொருவருக்கும் பிறந்த வருஷத்தை வைத்து ஒரு 'குவா' எண் வரும். 1, 3, 4, 9 வந்தால் கிழக்குக் குழு. 2, 5, 6, 7, 8 வந்தால் மேற்குக் குழு. கிழக்குக் குழுவுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு நல்லவை. மேற்குக் குழுவுக்கு மிச்சம் நான்கும் நல்லவை. கழிவறையை உங்களுக்குக் கெட்ட திசையில் வைக்க வேண்டும்.

1978-இல் பிறந்த ஒரு கணவர். 7+8=15, 1+5=6, பத்திலிருந்து கழித்தால் 4. கிழக்குக் குழு. 1982-இல் பிறந்த மனைவி. 8+2=10, 1+0=1, பெண்ணுக்கு 5 கூட்ட வேண்டும், 6. மேற்குக் குழு. கணவருக்குக் கெட்ட நான்கு திசையும் மனைவிக்கு நல்லவை. மனைவிக்குக் கெட்ட நான்கும் கணவருக்கு நல்லவை. எட்டுத் திசையில் ஒன்றுகூட இருவருக்கும் பொதுவாகக் கெட்டது இல்லை. அதாவது இந்த வீட்டில் கழிவறைக்கு இடமே கிடையாது. கணக்கு தப்பவில்லை, விதிகளே அப்படித்தான். இந்த இடம் வந்ததும் புத்தகம் "குடும்பத் தலைவரின் எண்ணைப் பார்க்கவும்" என்று நகர்ந்துவிடுகிறது. மனைவிக்கு வர வேண்டிய கேடு எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை.

பிறகு பரிகாரங்கள். பாத்ரூம் கதவில் கண்ணாடி, மூலையில் கிண்ணத்தில் கல் உப்பு, டாய்லெட் மூடியை எப்போதும் மூடி வைப்பது. நம் பக்கத்தில் பாதி வீட்டில் இருப்பது தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். அதற்கு மூடியே கிடையாது!

"முன்னோர் சும்மா சொல்லல"

இந்த வாதத்தைத்தான் அதிகம் கேட்கிறேன். காற்றையும் வெயிலையும் பார்த்துத்தான் பெரியவர்கள் இடம் குறித்தார்கள், அதில் அறிவியல் இருக்கிறது என்று. இது நியாயமான வாதம். சோதித்துப் பார்க்கக் கூடியதும்கூட.

சாத்தான்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்ட ஊர், பேச்சும் பழக்கமும் இன்னும் திருநெல்வேலிதான். சுற்றிலும் பனை, தேரி மணல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று அடிக்கும். சாதாரண அடி இல்லை. தேரி என்ற செம்மணல் மேடுகளே அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று அள்ளிக் கொண்டுவந்து குவித்தவை என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். அக்டோபருக்கு மேல் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும், மழையும் அப்போதுதான்.

காற்றுதான் காரணம் என்றால் இந்த ஊரில் மேற்குப் பக்கமே கழிவறைக்கு ஆகாது. வடமேற்கில் வைத்தால் நாலு மாசம் நாற்றம் வீட்டுக்குள் வரும். ஆனால் விதி வாயு மூலையைத்தான் காட்டுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோயம்புத்தூருக்கும், கிழக்கிலிருந்து கடற்காற்று வாங்கும் சென்னைக்கும் அதே விதி. காற்றைப் பார்த்து எழுதிய விதி ஊருக்கு ஊர் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

நிலத்தடி நீரும் அப்படித்தான். நம் பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. நிலத்தடி நீரும் பொதுவாக அந்தச் சரிவோடுதான் நகரும். வடமேற்கில் குழி, வடகிழக்கில் கிணறு என்றால் குழி மேட்டில், கிணறு பள்ளத்தில். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் சரிவு மேற்கே. அங்கே இதே விதி தற்செயலாகப் பொருந்தக் கூடும். இரண்டு பக்கமும் ஒரே சரிவு இல்லாதபோது ஒரே விதி இரண்டு பக்கமும் அறிவியலாக இருக்க முடியாது.

முன்னோர் வேறொன்று செய்தார்கள். வீட்டைச் சுற்றி ஒரு பர்லாங்குக்குக் குழியே வைக்கவில்லை. வெளிக்குப் போவது என்றால் உண்மையிலேயே வெளியே போவது. காடு, ஓடை, தேரி. கிணற்றை எந்த மூலையில் தோண்டினாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் எதிரே குழி இல்லை. டவுன்களில் எடுப்புக் கக்கூஸ் வந்தபோது அதை வைத்த இடம் புறவாசல், பின்னாலே ஒரு சந்து. துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் வெளியிலிருந்தே அள்ளிப் போவதற்காக. அந்த இடத்தைத் தீர்மானித்தது திசை இல்லை, சாதி. இந்தச் சந்துகளைப் பற்றி எந்த வாஸ்துப் புத்தகமும் பேசுவதில்லை.

தெருவுக்கு விரித்துப் பார்த்தால்

இனிதான் முக்கியமான விஷயம்.

ஐந்து சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் 2178. கிழக்கு மேற்காக 33 அடி, வடக்கு தெற்காக 66 அடி என்றால் கச்சிதமாக வரும். போர் ஈசானியத்தில், டேங்க் வாயு மூலையில். இரண்டும் ஒரே வடக்குச் சுவரை ஒட்டி. சுவர் ஓரம் கொஞ்சம் விட்டால் நடுவில் 25 அடிகூட மிஞ்சுவது கஷ்டம்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 செப்டிக் டேங்குக்கான தரம். டேங்கிலிருந்து வரும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 18 மீட்டர் என்றால் 59 அடி. நம் மனையில் பாதிகூட இல்லை.

"அதான் நம்ம டேங்கு அடியில கான்கிரீட் போட்டதாச்சே" என்று சிலர் சொல்வார்கள். போட்டிருந்தால் நல்லது. ஆனால் செப்டிக் டேங்க் கிருமியைக் கொல்லும் பெட்டி இல்லை. கெட்டியானதை அடியில் தங்கவைத்து, தண்ணீரை மேலாக வெளியே விடும். அந்தத் தண்ணீர் இன்னும் அழுக்குத்தான். அது உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். மண்தான் மிச்சத்தை வடிகட்டும். பல வீட்டில் உறிஞ்சுகுழி தனியாக இல்லை. அடி மூடாமல் உறை இறக்கி அதையே டேங்க் என்கிறோம். "எங்க டேங்கு இருவது வருசமா நெறையவே இல்ல" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறையவில்லை என்றால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு வீட்டை விட்டுத் தெருவைப் பாருங்க. என் மனைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இன்னொரு மனை. என்னுடைய வடகிழக்கு மூலையும் அவர்களுடைய வடமேற்கு மூலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. என் ஈசானியத்தில் போர். அவர்கள் வாயு மூலையில் டேங்க். நடுவில் ஒரு சுவரும் ஐந்தாறு அடியும். அவர்களுடைய போருக்கு அடுத்த வீட்டு டேங்க். இப்படியே தெரு முழுக்க. ஒவ்வொரு வீட்டுக்காரரும் விதியை ஒரு அங்குலம் பிசகாமல் கடைப்பிடித்தால், ஒவ்வொருவர் குடிக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் அடுத்தவர் குழி இருக்கும். யாராவது ஒருவர் வாஸ்துவை மீறினால்தான் அவருடைய மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் தப்பிப்பார்!

எங்கள் தொழிலில் இந்த வகைப் பிழை அடிக்கடி வரும். தனியாக ஓட்டினால் சரியாக ஓடும், நூறு பேர் சேர்ந்து ஓட்டினால் ஒருவரையொருவர் கெடுக்கும். வாஸ்துவின் அலகு ஒரு வீடு. அதன் வரைபடத்தில் பக்கத்து வீடு கிடையாது.

அப்படியென்றால் டேங்கைக் கன்னி மூலைக்கு மாற்றிவிடலாமா? என் மனைக்குள் மூலைவிட்டம் சுமார் 74 அடி, தரத்துக்குப் போதும். ஆனால் எல்லோரும் மாற்றினால், எனக்கு வடகிழக்கே குறுக்காக ஒட்டிய மனையின் டேங்க் என் போருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வேறு எந்த இடத்தைச் சொன்னாலும் கதை இதுதான். 33-க்கு 66 அடி மனைகள் ஒட்டி ஒட்டி இருக்கும்போது, எல்லா வீட்டிலும் போர் ஒரே இடம், குழி ஒரே இடம் என்று எந்த விதி வைத்தாலும், ஒரு போருக்கும் மிகக் கிட்டத்துக் குழிக்கும் நடுவில் அதிகபட்சம் 37 அடிதான் கிடைக்கும். இது வெறும் ஜியோமிதி. காகிதத்தில் நாலு கட்டம் போட்டு நீங்களே பார்க்கலாம். 59 அடி எந்தத் திசையிலும் கிடையாது.

ஆகவே வாஸ்து சொல்லும் மூலைக்குப் பதில் அறிவியல் மூலை என்று ஒன்றை நான் சொல்லப்போவதில்லை. ஐந்து சென்ட்டில் சொந்தப் போரும் சொந்தக் குழியும் வைத்துக்கொண்டு மூலையால் தீர்வு காண முடியாது. கேள்வியே தப்பு.

ஒரு வீடு

சாத்தான்குளத்தில் எங்கள் பெரியம்மா வீடு. பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டு வலி. வீடு கட்டும்போதே அவர்கள் அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் வைத்தார்கள், தென்மேற்கில். சில வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அண்ணனுக்கு வியாபாரத்தில் சறுக்கல். வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்தார், கன்னி மூலையில் குழி என்றார். பாத்ரூமை இடித்து ஸ்டோர் ரூம் ஆக்கினார்கள். பழைய குழியை மண் போட்டு மூடினார்கள். புதுக் கழிவறை வெளியே, வாயு மூலையில். படி இறங்கி, சிமெண்டு போடாத முற்றத்தைக் கடந்து போக வேண்டும்.

போன தடவை போயிருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டில் பெரியம்மா தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. கேட்டேன். "பொழுதடஞ்சா தண்ணி குடிக்கதில்லப்பா. குடிச்சா எந்திரிக்கணும்லா" என்றார்கள். அண்ணனிடம் தனியாகப் பேசினேன். "எனக்கும் தெரியும்ல. ஆனா எல்லாரும் சொல்லுதாவ. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லதுக்கு?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தின் அந்த "உண்டாகும்", "நேரிடும்" எல்லாம் வேலை செய்வது இப்படித்தான். செய்யாமல் விட்டால் பழி வரும், செய்தால் வரும் கஷ்டம் யார் கணக்கிலும் ஏறாது. பெரியம்மா குடிக்காமல் விடும் தண்ணீரை எந்த வாஸ்துவும் தோஷம் என்று எழுதாது.

டேப் எடுத்து அளந்தேன். புது டேங்கிலிருந்து மேற்கு வீட்டுப் போர் 9 அடி. அவர்கள் ஈசானியத்தில்தான் போட்டிருக்கிறார்கள், முறைப்படி.

அப்போ எதைக் கேட்பது

இந்தப் புத்தகங்களில் உருப்படியானதும் உண்டு. கழிவறைக் கதவு அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டாம், வெளிச்சுவரில் ஜன்னல் வேண்டும், தரை வாட்டம் தண்ணீர் தேங்காதபடி இருக்க வேண்டும் என்பதெல்லாம் சரிதான். எந்தத் திசைக்கும் பொருந்தும். நான் பிளான் பார்க்கும்போது அதற்குமேல் சில கேள்விகள் கேட்கிறேன்.

முதலாவது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து? இந்தப் பக்கத்துப் பல ஊர்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. குடிக்க அது, புழங்கப் போர் என்று பிரித்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும். போர்த் தண்ணீரையே குடிப்பதாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்குப் பிறகு, சோதனைக்குக் கொடுக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக் கூடாது. 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் ஈ.கோலை சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, போருக்குக் கேசிங் பைப் எவ்வளவு ஆழம்? மேல்மண்ணைத் தாண்டிப் பாறை வரை இறக்கி, வெளிச்சுற்றைச் சிமெண்டால் அடைத்திருந்தால் மேலிருந்து இறங்கும் அழுக்கு நேராக உள்ளே வருவது குறையும். இதற்கு ஆகும் செலவு, பாத்ரூமை இடித்து மாற்றும் செலவைவிடக் குறைவு.

மூன்றாவது, டேங்க் உண்மையில் டேங்கா? அடி மூடியிருக்கிறதா, உறிஞ்சுகுழி தனியாக இருக்கிறதா, அது பக்கத்து வீட்டுப் போரிலிருந்து எவ்வளவு? மணல் பாங்கான மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், வடிகட்ட நேரம் கிடைக்காது. இடம் இல்லாவிட்டால் முழுக்க மூடிய தொட்டி கட்டி, நிறைய நிறைய லாரி வைத்து எடுப்பது ஒரு வழி. லாரியின் ஹோஸ் எட்டும் இடத்தில் தொட்டி வாய் இருக்க வேண்டும். எட்டாத மூலையில் புதைத்துவிட்டால் என்றாவது ஒரு நாள் ஒரு மனிதரை உள்ளே இறக்கச் சொல்வோம். பாதுகாப்பு இல்லாமல் அப்படி இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்; விஷவாயுவில் செத்தவர்களின் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான்காவது, ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் ஆக வயதானவர் கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? வழியில் எத்தனை படி? விளக்கு ஸ்விட்ச் எங்கே? உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா?

நாலு கேள்விக்கும் பதில் சொல்ல டேப் போதும், திசைகாட்டி தேவையில்லை. ஆனால் அந்த டேப்பை நம் காம்பவுண்டுக்குள் மட்டும் இழுத்தால் பாதிக் கணக்குத்தான் தெரியும். கிழக்கு வீட்டு டேங்க் எங்கே, மேற்கு வீட்டுப் போர் எங்கே என்று கேட்டு அளக்க வேண்டும். அளந்த பிறகு பாதாள சாக்கடையும் நல்ல குழாய்த் தண்ணீரும் ஏன் ஊருக்கு வேண்டும் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கணக்கை ஒரு தாளில் வரைந்து அண்ணனுக்கும் அனுப்பினேன். கன்னி மூலையில் குழி இல்லாமல், பாத்ரூமை மட்டும் பழைய இடத்தில் திரும்பக் கட்டி, குழாயை வெளியே கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தேன். அவன் பயப்பட்டது குழிக்குத்தானே, பாத்ரூமுக்கு இல்லையே. கொத்தனாரிடம் பேசியிருப்பதாகச் சொன்னான். மேற்கு வீட்டுக்காரரோடும் பேச வேண்டும், 9 அடிக்கு என்ன செய்வது என்று. அதை அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.